நெல் காக்கும் பூனைகளுக்குள் சண்டையா? கடுவனை ஊர் கடத்தாதீர்கள்

அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்தால் கூடவே எலியும் வந்துவிடும். பத்தாயம், குதிர், மூட்டை அடுக்கு, மாட்டுக் கொட்டகையில் இருக்கும் தவிட்டுச் சாக்கு என்று அது தேடிப் போகாத இடமில்லை. அதனால்தான் கிராமத்து வீடுகளில் ஒன்றுக்கு இரண்டு, மூன்றாகப் பூனைகள் இருக்கின்றன. அவற்றை வளர்க்கிறோம் என்றுகூடச் சொல்ல மாட்டோம்; 'அது பாட்டுக்கு இருக்குது' என்போம். அந்த மூன்றில் ஒன்று முரடாகி மற்ற இரண்டையும் அடித்து விரட்டத் தொடங்கினால் என்ன செய்வது?

உழவியல் படித்தவன் பூனைச் சண்டையைப் பற்றி எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். தானியச் சேமிப்புப் பயிற்சிக்குப் போகும் ஊர்களில் எலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு பூனையில்தான் போய் நிற்கிறது. விரட்டப்பட்ட பூனைகள் கொட்டகைப் பரணிலும் பக்கத்து வீட்டிலும் ஒதுங்கிவிட, பத்தாயத்துப் பக்கம் எலிக்குக் கேட்பார் இல்லாமல் போகிறது. ஆகவே இது சேமிப்புப் பிரச்சினையும்தான்.

பெரும்பாலான வீடுகளில் இதற்கு ஒரே வைத்தியம்தான் தெரிந்திருக்கிறது. சண்டைக்காரப் பூனையைக் கோணியில் கட்டி, ஆறு தாண்டியோ ஊர் தாண்டியோ விட்டுவிட்டு வருவது. மன்னார்குடிப் பக்கம் ஒரு வீட்டில் அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தம்பி, போன வருசம் ஒரு கடுவனை ஆத்துக்கு அந்தாண்ட கொண்டுபோய் விட்டோம். ரெண்டு மாசத்துல இது வந்து உக்காந்துக்கிச்சு. இது அதைவிட மோசம். இதையும் கொண்டுபோய் விடச் சொல்றாரு எங்க வீட்டுக்காரரு." நான் பார்த்தபோது அந்தக் கடுவன் பத்தாயத்தை ஒட்டிய வாசற்படியில் காலை நீட்டிப் படுத்திருந்தது. வீட்டுக்கே ஒரே ஒரு சோற்றுச் சட்டி. அதுவும் அந்தப் படியின் ஓரத்தில். மற்ற இரண்டு பெட்டைகளும் அதைத் தாண்டித்தான் சோற்றுக்கும் வர வேண்டும், பத்தாயத்துக்கும் போக வேண்டும். அவை வருவதையே நிறுத்திவிட்டன. "அம்மா, பூனையை மாத்துறதுக்கு முன்னாடி சட்டியை மாத்திப் பாருங்க" என்றேன். அவர் சிரித்தார்.

எலியும் சோறும் ஒண்ட இடமும் இருக்கும் வீடு காலியாக இருக்காது. ஒரு கடுவன் போனால் அந்த எல்லைக்கு இன்னொரு கடுவன் வந்து சேரும்; புதிதாக வந்தது தன் இடத்தை நிலைநாட்ட இன்னும் அதிகமாகச் சண்டை போடும். கொண்டுபோய் விட்ட பூனையே சில சமயம் திரும்பி வந்துவிடும். வராவிட்டால் அங்கே இருக்கும் பூனைகளிடமும் நாய்களிடமும் கடிபட்டோ, பட்டினி கிடந்தோதான் சாகும். பசி தாகத்தால் வதைபடும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

விளையாட்டா, சண்டையா?

இரண்டு பூனைகள் கட்டிப் புரண்டாலே சண்டை என்று நினைக்க வேண்டாம். விளையாட்டில் சத்தம் இருக்காது. நகம் உள்ளே இருக்கும். ஒரு முறை இது மேலே, மறுமுறை அது மேலே என்று மாறி மாறி வரும். முடிந்ததும் இரண்டும் பக்கத்திலேயே உட்கார்ந்து உடம்பை நக்கிக்கொள்ளும். சண்டையில் காது பின்னோக்கித் தலையோடு ஒட்டியிருக்கும், முடி சிலிர்க்கும், உறுமலும் அலறலும் கேட்கும், முடி கொத்தாக விழுந்து கிடக்கும்.

நம் கண்ணுக்குத் தப்புவது மூன்றாவது வகை. ஒரு சத்தமும் இருக்காது. முரட்டுப் பூனை வாசற்படியிலோ நடைவழியிலோ உட்கார்ந்து மற்றதை வெறித்துப் பார்க்கும், அவ்வளவுதான். மற்றது பார்வையைத் தாழ்த்திக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடும். 'எங்க வீட்டுப் பூனைங்க சண்டையே போடாது சார்' என்று சொல்லும் வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பூனை எப்போதும் பரணிலேயே இருக்கிறதா, எல்லாம் தின்று முடித்த பிறகே வருகிறதா, நாளுக்கு நாள் மெலிகிறதா, வழக்கமான இடத்தை விட்டு அடுப்படியிலோ துணிமேலோ மூத்திரம் போகிறதா? அப்படியானால் வீட்டில் சண்டை நடந்துகொண்டுதான் இருக்கிறது. மூத்திரம் போன பூனையை நாம் அடிக்கிறோம். அதை வழிமறித்த பூனையை யாரும் கண்டுகொள்வதில்லை.

ஒரு நாள் காலையும் மாலையும் அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள். யார் யாரை எங்கே மறிக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த 'எங்கே' என்பதில்தான் பாதித் தீர்வு இருக்கிறது.

திடீரென்று மாறினால் எச்சரிக்கை

சாதுவாக இருந்த பூனை ஓரிரு நாளில் குணம் மாறினால் முதலில் நினைக்க வேண்டியது வெறிநோய், அதாவது ரேபிஸ். சீண்டாமலேயே பாய்ந்து மனிதரையும் மாட்டையும் கடிப்பது, இருட்டு மூலையில் பதுங்குவது, குரல் மாறுவது, வாயில் எச்சில் வழிவது, பின்னங்கால் தள்ளாடுவது ஆகியவை அதன் அறிகுறிகள். அப்படிப்பட்ட பூனையைப் பிடிக்க முயலக் கூடாது. அது இருக்கும் அறையின் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். அறிகுறி தெரிந்த விலங்கு பெரும்பாலும் 10 நாட்களுக்குள் இறந்துவிடும்.

எந்தப் பூனை கடித்தாலும், ரத்தம் வரும்படி பிறாண்டினாலும், வீட்டுப் பூனைதானே என்று விட வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். தோலில் போடும் முறையில் வெறிநோய்த் தடுப்பூசி முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28-ம் நாட்களிலும் போடப்படும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவை. பூனையை 10 நாள் கவனித்துவிட்டு ஊசிக்குப் போகலாம் என்று காத்திருப்பது தவறு. ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் கவனிக்க வேண்டும். வெறிநோய் இல்லாவிட்டாலும் பூனையின் பல் ஊசிபோல் ஆழமாக இறங்குவதால் உள்ளே கிருமி தங்கி, மறுநாளே கை வீங்கிவிடும்.

குட்டிக்கு 3 மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள். பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும். நாய்க்குப் போடும் நாளில் பூனையையும் சேர்த்துக் கொண்டுபோனால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

வலியும் பயமும்

வெறிநோய் இல்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது வலி. பூனை வலியைக் காட்டாது. தொட வருபவரைத்தான் கடிக்கும். பழைய சண்டையில் பட்ட பல்காயம் மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ்க்கட்டியாகும். வாலடி, கன்னம், முன்னங்கால் ஆகிய இடங்களில் இது அதிகம். அடிபட்ட பூனை முரடாகி அடுத்ததை அடிக்கும். அதற்குக் காயம் பட்டு அதுவும் முரடாகும். சீழ்க்கட்டியைக் கீறிச் சுத்தம் செய்து மருந்து கொடுத்தால் சில பூனைகள் ஒரு வாரத்தில் பழைய குணத்துக்கு வந்துவிடும். பல்வலி, காதுப்பூச்சி, வாகனத்தில் அடிபட்ட இடுப்பு ஆகியவற்றையும் மருத்துவர் பார்ப்பார். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் உண்ணி மருந்தும், காயத்தில் ஊற்றும் பினாயிலும் பூனைக்கு விஷம்.

பயம் வேறு விதமாக வேலை செய்யும். வாசலில் வேற்று நாய் வருகிறது, கூரையில் குரங்கு குதிக்கிறது, யாரோ வெடி வைக்கிறார்கள். உள்ளே இருந்த பூனைக்கு வெறி ஏறுகிறது. நாயை அடிக்க முடியாது. பக்கத்தில் தன்னோடு பிறந்த பூனை உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் பாய்கிறது. அதற்குப் பிறகு இரண்டுக்கும் ஒன்றைப் பார்த்தால் மற்றதுக்கு ஆகாது. அதுவரை ஒரே சாக்கில் படுத்துக்கிடந்தவை ஏன் பகையாயின என்று வீட்டில் யாருக்கும் புரியாது.

வாசனையும் இப்படித்தான். பூனைகள் ஒன்றையொன்று முகத்தைவிட வாசனையால்தான் அறிகின்றன. மருத்துவரிடம் போய்வந்த பூனைமேல் மருந்து வாடை அடிப்பதால் வீட்டில் இருந்தது அதை அந்நியப் பூனையாக நினைத்துச் சீறும். போய்வந்ததை ஒரு நாள் தனியறையில் வைத்து, வீட்டுச் சாக்கிலேயே படுக்கவிட்டுப் பிறகு சேர்த்தால் பல வீடுகளில் இந்தச் சண்டையே வராது.

குட்டி போட்ட தாய் சீறுவதையும் முரட்டுத்தனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடுவன்கள் சில சமயம் குட்டியைக் கொன்றுவிடும் என்பது அதற்குத் தெரியும். அதற்கு மறைவான ஒரு இடம் கொடுத்து, குட்டிகள் பால் மறக்கும்வரை மற்றவற்றை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சண்டை நடக்கும்போது

கையை நடுவில் விடாதீர்கள். பூனைக்கடிக்கு மருத்துவமனை போகும் பலர் சண்டையை விலக்கப் போனவர்கள்தான். முறம் இருந்தால் இரண்டுக்கும் நடுவில் செருகுங்கள். ஒன்றையொன்று பார்க்க முடியாமல் போனதும் பிடி தளரும். முறம் இல்லாவிட்டால் கெட்டியான அட்டையோ தலையணையோ போதும். கம்பால் அடித்தால் அந்த வலியையும் எதிரில் இருக்கும் பூனையோடு சேர்த்துத்தான் அது நினைவில் வைத்துக்கொள்ளும். பிரித்த உடனே தூக்கிக் கொஞ்சவும் கூடாது. கோபம் அடங்கச் சில மணி நேரம், சிலவற்றுக்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். வேறு வேறு அறையில் விட்டுத் தண்ணீரும் சோறும் வைத்து, கதவைச் சாத்திவிடுங்கள்.

திரும்பச் சேர்ப்பது

கடும் பகையாகிவிட்ட பூனைகளை 'அதுங்களே சமாதானம் ஆகட்டும்' என்று மீண்டும் ஒன்றாக விட்டால் ஒவ்வொரு சண்டையும் பகையை உரமேற்றும். புதுப் பூனையைக் கொண்டுவந்தாலும் இதே முறைதான். கோணியை அவிழ்த்து நடு வீட்டில் கொட்டக் கூடாது.

முதலில் இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். ஒன்று அறையில், மற்றது கொட்டகையில் இருக்கலாம். ஒரு பழந்துணியால் ஒன்றின் கன்னத்தைத் தடவி, மற்றதன் சோற்றுச் சட்டிக்கு அடியில் போடுங்கள். அதேபோல் அதனுடையதை இதற்கு. கன்னத்தில் இருக்கும் சுரப்பியின் வாசனைதான் பூனைக்கு அடையாளச் சீட்டு. துணியைப் பார்த்துச் சீறினால் சட்டியிலிருந்து சற்றுத் தள்ளிப் போட்டு, நாளடைவில் கிட்டே கொண்டுவாருங்கள். சீறாமல் தின்னத் தொடங்கியதும் மூடிய கதவின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சோறு வையுங்கள். கதவிலிருந்து 6 அடி தள்ளித் தொடங்கித் தினமும் கொஞ்சம் நெருங்கலாம். மீன் தலையோ கருவாடோ இந்த நேரத்தில் மட்டும் கொடுங்கள். மற்றதன் வாசனை வந்தால் நல்ல தீனி வரும் என்று அதன் மனதில் பதிய வேண்டும்.

பிறகு கதவைத் திறந்து, நடுவில் கோழிக்கூண்டு வலையடித்த சட்டத்தை நிறுத்தி, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே தின்னவிடுங்கள். இரண்டும் தட்டில் கண்ணாக இருந்தால் சரி. ஒன்று தின்பதை நிறுத்தி மற்றதை வெறித்துப் பார்த்தால் வேகமாகப் போய்விட்டீர்கள் என்று பொருள்; ஒரு படி பின்னால் போங்கள். கடைசியில் வலையில்லாமல் 5 நிமிடம், 10 நிமிடம் என்று கூட்டலாம். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே பிரித்துவிட வேண்டும். சண்டை வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சில பூனைகளுக்கு இரண்டு வாரம் போதும், சிலவற்றுக்கு இரண்டு மாதம் ஆகும். நடவு நேரத்தில் இதற்கெல்லாம் ஏது நேரம் என்பீர்கள். தினம் இரண்டு வேளை சோறு வைக்கும் நேரம்தான் இது. வைக்கும் இடம்தான் மாறுகிறது.

சட்டியை மாற்றுங்கள்

வேட்டையாடும்போது பூனை தனியாகத்தான் தின்னும். வரிசையில் உட்கார்ந்து தின்பது அதன் இயல்பில்லை. நாம்தான் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டியில் ஊற்றுகிறோம். எத்தனை பூனையோ அத்தனை சட்டி, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாத இடங்களில் வையுங்கள். ஒன்று சமையலறைப் பின்புறம், ஒன்று கொட்டகை, ஒன்று பத்தாயத்துக்கு அந்தப் பக்கம். கொட்டாங்குச்சி போதும், காசு செலவில்லை. தண்ணீரும் இரண்டு மூன்று இடங்களில் இருக்கட்டும். மண்ணோ சாம்பலோ கொட்டிய கழிப்பிடம் ஒன்று கூடுதலாகவே இருக்கட்டும்.

உயரம் இருந்தால் பூனைகளுக்குள் பாதிச் சண்டை குறையும். பயந்தது மேலே ஏறித் தப்பிக்கும். முரடனும் கீழே இருந்து பார்த்துவிட்டுப் போய்விடும். சுவரில் ஒரு பலகை, பரணுக்கு ஏற ஒரு சாய்த்த கட்டை, மூட்டை அடுக்கின் மேல் மடித்த சாக்கு போதும். சேமிப்பு அறைக்குப் பூனை போகும் பொந்து ஒன்றுதான் இருந்தால் இன்னொன்று திறந்துவிடுங்கள். ஒரே வாசல் இருக்கும்வரை அதில் உட்காருகிற பூனைதான் அறைக்கு முதலாளி.

சோறு போட்டால் எலி பிடிக்காது என்று பட்டினி போடுவோர் இன்னும் இருக்கிறார்கள். இங்கிலாந்து விலங்கியல் அறிஞர் சார்லஸ் எல்டன் பண்ணைப் பூனைகளைப் பற்றி 1953-ல் வெளியிட்ட ஆய்வில் தெரிந்தது இதற்கு நேர்மாறு. வேறு வழிகளில் எலியை ஒழித்த பிறகு, பால் வைத்துப் பராமரித்த பூனைகள் கட்டடத்தை விட்டு விலகாமல் இருந்து, எலி மீண்டும் குடியேறாமல் பார்த்துக்கொண்டன. பசித்த பூனை வயலுக்கும் அடுத்த தெருவுக்கும் போய்விடும், இருக்கும் சோற்றுக்கும் அடித்துக்கொள்ளும். வளர்ந்த பெருச்சாளியைப் பல பூனைகள் தொடுவதே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள், அதற்குப் பொறிதான். புரோமடியலோன் விஷக்கட்டி வைக்கும் வீட்டில் விஷம் தின்ற எலியைத் தின்ற பூனையும் ரத்தம் கசிந்து சாகலாம். செத்த எலிகளைக் காலையிலேயே தேடிப் பொறுக்கிப் புதைத்துவிடுங்கள்.

காயடித்தால் எலி பிடிக்குமா?

பிடிக்கும். வேட்டைக்கும் விதைக்கும் தொடர்பில்லை. தொடர்பு இருப்பது ஊர் சுற்றுவதற்கும், எல்லைச் சண்டைக்கும், சுவரெல்லாம் நாறும் மூத்திரத்தைப் பீய்ச்சுவதற்கும்தான். காயடித்த கடுவன்களில் பெரும்பாலானவற்றில் இவை மூன்றும் வெகுவாகக் குறைகின்றன. உடனே அல்ல, சில வாரம் பொறுக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டுப் பழகியதிடம் பழக்கம் கொஞ்சம் மிச்சமிருக்கும். ஆகவே 5, 6 மாதத்திலேயே செய்துவிடுவது நல்லது. பெட்டைகளுக்கும் செய்ய வேண்டும். பெட்டை அந்த வயதிலேயே பருவத்துக்கு வந்து கத்தத் தொடங்கினால் அக்கம்பக்கத்துக் கடுவன் எல்லாம் உங்கள் கூரையில்தான் இருக்கும். சினை 9 வாரம்தான். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று என்று கூடிக்கொண்டே போகும்.

ஆட்டுக்குக் காயடிப்பவரைக் கூப்பிட்டு இதைச் செய்யாதீர்கள். மயக்க மருந்து கொடுத்துக் கால்நடை மருத்துவர்தான் செய்ய வேண்டும். உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். அங்கே அறுவை வசதி இல்லையென்றால் எங்கே போகலாம் என்று சொல்வார்கள். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளை ஒட்டிய சிகிச்சை வளாகங்களும் இருக்கின்றன. கொண்டுபோகக் கூண்டு இல்லாவிட்டால் இரண்டு தக்காளிக் கிரேட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்துக் கயிற்றால் கட்டி, உள்ளே அது படுக்கும் சாக்கைப் போடுங்கள். கோணியில் கட்டிக்கொண்டு போனால் மூச்சு முட்டும். அவிழ்க்கும்போது கடியும் உங்களுக்குத்தான்.

எதற்கும் அடங்காவிட்டால்

சில பூனைகள் ஒத்தே போகாது. அப்போது சேர்த்து வைக்கும் முயற்சியை விட்டுவிட்டு இடத்தைப் பிரித்துவிடலாம். ஒன்று வீட்டுக்கும் பத்தாயத்துக்கும், மற்றது கொட்டகைக்கும் வைக்கோல் போருக்கும். இரண்டு இடத்திலும் சோறும் தண்ணீரும் படுக்கையும் இருந்தால் அவை தாமாகவே எல்லை வகுத்துக்கொண்டு, நேரம் பார்த்து நடமாடப் பழகிவிடும்.

அதுவும் முடியாவிட்டால், வேறு பூனை இல்லாத, எலித் தொல்லையுள்ள, கேட்டு வாங்கிக்கொள்ளும் ஒரு வீட்டுக்குக் கொடுங்கள். காயடித்து, தடுப்பூசி போட்டுக் கொடுப்பது மரியாதை. வாங்குபவர் அதை முதல் 3 வாரம் வெளியே விடாமல் ஒரு அறையிலோ வலையடித்த கொட்டகையிலோ வைத்து, ஒரே நேரத்துக்கு ஒரே குரலில் கூப்பிட்டுச் சோறு வைக்க வேண்டும். முதல் முறை வெளியே விடுவது சோறு வைப்பதற்குச் சற்று முன்னால் இருக்கட்டும். பசியோடு போகும் பூனை கூப்பிட்ட குரலுக்குத் திரும்பி வரும்.